மும்பையில் இறங்காமல் ஏறிய விமானம்

முட்டாள்தனத்தில் எனக்கு இணை நான்தான். கீழே வர ஆரம்பித்த விமானம் இறங்கியே தீரவேண்டும், பாதியில் மறுபடி ஏறினால் உள்ளே இருப்பவர்களின் கதை முடிந்தது என்று முப்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கையோடுதான், மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருந்த என் மாமனாரை மும்பைக்கு அழைத்துப் போனேன். அங்கே என் கொழுந்தியாளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மாமனார் கருக்களாச்சேரியில் சொந்தப் படகு வைத்திருப்பவர். நான் காரைக்காலில் அரசாங்க எழுத்தர். படகில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி எடுப்பவன். கடலில் போன மரியாதையை வானத்தில் மீட்டுவிடலாம் என்று, எனக்கும் அது முதல் பயணம் என்பதை மறைத்துவிட்டு, சென்னையிலிருந்தே அவருக்குப் பாடம் நடத்தினேன். பெல்ட்டைக்கூட நானே மாட்டிவிட்டேன். என்னுடைய பெல்ட்டில் பாதியை அவர் இடுப்பில் மாட்டியிருக்கிறேன் என்று விமானப் பணிப்பெண் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றையும் மறைத்திருந்தேன். அதற்கு முந்தைய வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனனோடு கடலுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ஆசைப்பட்டுச் சுக்கானைக் கேட்டு வாங்கினேன். எங்கள் ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கும். அலை தோதாக இல்லையென்றால் படகைத் திருப்பி, வெளியே போய் ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

“திருப்புங்க மச்சான், அலை சரியில்ல” என்றான் மைத்துனன்.

டிவியில் கிரிக்கெட் ஆரம்பித்திருக்குமே என்ற கவலையில் நேரே விட்டேன். படகு மணலில் ஏறி, அடி கிழிந்தது. அக்காள் புருஷன் மானம் போகக்கூடாது என்று அவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து மாமனார் அவனைச் சுக்கான் பக்கமே விடவில்லை. படகுக்காரர் மகன், சொந்தப் படகிலேயே வலை இழுக்கிற ஆளானான். சுக்கான் பிடிக்காத பையனுக்குப் பெண் கொடுக்கவும் ஊரில் யோசித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை.

மும்பை வந்தது. கீழே ஓட்டு வீடுகள், நீலத் தார்ப்பாய்கள், மொட்டைமாடியில் காயும் துணிகள்வரை தெரிந்தன. சக்கரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் எஞ்சின் பெரிதாக இரைந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு விமானம் மேலே ஏறியது. துணிகள் சிறுத்துப் போயின.

மாமனாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “மாமா, படக மணல்ல ஏத்துனது நான்தான் மாமா. அவன் திருப்பச் சொன்னான், நான்தான் கேக்கல. இதுதான் எனக்கும் மொத பிளேன். மன்னிச்சிருங்க.”

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விமானி ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்.

“என்ன சொல்றாரு மாப்ள?”

முன்னால் இறங்கிய விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லை, சுற்றிவிட்டு வந்து இறங்குவோம், பயப்பட ஒன்றுமில்லை என்பதை மொழிபெயர்த்தேன்.

“தொழில் தெரிஞ்சவரு” என்றார் மாமனார். “வழியில ஆளு நிக்கிறப்ப உள்ள நொழையலாமா? வெளிய போயி சுத்திட்டு வர்றதுக்கு என்ன கொறைச்சல்?”

ஒரு வட்டம் அடித்து வந்து, விமானம் பூப்போல இறங்கியது. எஞ்சின் இரைச்சலில் நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். பெட்டிக்காக நிற்கும்போது செல்போனை என்னிடம் நீட்டி, மகனுக்குப் போட்டுத் தரச் சொன்னார்.

“தம்பி, எறங்கியாச்சு. தடை முடிஞ்சதும் சுக்கான நீயே புடி.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

எங்கள் பெட்டி வந்து, எங்களைத் தாண்டி, ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தது. நான் மெதுவாகக் கேட்டேன்.

“மாமா, மேல இருக்கறப்ப நான் சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சா?”

“பெட்டியத் தூக்குங்க, மாப்ள.”