இரண்டு முத்திரைக் கோழி

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தால் போதும், கெத்தூராவுக்கு எரிச்சல் வந்துவிடும். குலு நகரத்து ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே பன்றிக்கறி வறுக்கிற ஆள் அன்றைக்குத்தான் அடுப்பைப் பெரிதாக மூட்டுவான். அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை அறையின் ஜன்னல் அவனுடைய வாணலியைப் பார்த்தபடி இருக்கிறது. சாத்தினால் வேர்த்துக் கொட்டும், திறந்தால் நாக்கு ஊறும். ஒரு யூதப் பெண்ணுக்குப் பன்றியைப் பார்த்தா நாக்கு ஊற வேண்டும் என்று கேட்பீர்கள். நாலு மாதம் பீன்ஸை மட்டும் தின்றுவிட்டு வந்து கேளுங்கள்.

அவளுடைய ஊர் ம்பாலே நகரத்துக்கு மேலே, மலையில். வாழைத்தோப்புக்கு நடுவே ஜெபாலயம், அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் தம்பி யாயீரின் வீடு. ஊருக்கே ஆடு, கோழி அறுத்துக் கொடுப்பவன் அவன்தான். முறை தெரிந்தவன் அறுத்தால்தான் அவர்களுக்கு அது கறி. ஊரில் இருந்தவரை கெத்தூரா இதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. வேலை கிடைத்து வடக்கே வந்த பிறகுதான், பஸ்ஸில் ஒரு பகல் போகிற தூரத்துக்குள் தனக்குத் தின்ன ஆகிற ஒரு துண்டுக் கறி கிடையாது என்பது உறைத்தது.

கேன்டீனில் பீன்ஸ்தானே, வம்பில்லை என்று இரண்டு மாதம் நிம்மதியாகத் தின்றாள். ஒருநாள் சமையல்காரி குழம்பில் எதையோ நொறுக்கிப் போடுவதைப் பார்த்துவிட்டாள். மாட்டுச்சாறு காய்ச்சி இறுக்கிய மசாலாக் கட்டி. "ருசிக்குத்தான் போடறேன், உனக்காக இன்னொண்ணு சேர்த்துப் போடட்டுமா?" என்று அந்தப் புண்ணியவதி கேட்டாள். அன்றைக்கே கெத்தூரா ஒரு பானையும் கரி அடுப்பும் வாங்கிவிட்டாள். அதிலிருந்து அவளே பொங்கி, அவளே தின்று, அவளே கழுவுகிறாள்.

கூட வேலை பார்க்கும் ஒச்சென் வாரத்துக்கு ஒருமுறையாவது ஆரம்பிப்பான்.

"முஸ்லிம் கடைக் கறி கூடவா ஆகாது?"

"எத்தனை தடவைதான் சொல்றது? ஆகாது."

"உங்க சாமிக்கு வேற வேலையே இல்லையா? ம்பாலேயில இருந்து எக்கி எக்கி உன் தட்டைப் பார்க்குது."

"உன் தட்டை எந்தச் சாமியும் பார்க்காது. பார்த்தா ஓடிடும்," என்பாள். பதில் சொல்லிவிடுவாளே தவிர, வயிறு ஒச்சென் கட்சியில்தான் இருந்தது. அது அவளுக்கே அவமானமாக இருந்தது.

போன வாரம் யாயீர் போன் செய்தான். "அக்கா, வெள்ளிக்கிழமை பஸ்ல கோழி அனுப்பறேன். ரெண்டு கோழி. அறுத்து, ரத்தம் போக உப்புல வச்சு, கழுவி, நல்லாப் பொரிச்சு அனுப்பறேன். டப்பா மூடியில மெழுகு ஊத்தி எழுத்துப் போடறேன். அதுக்கு மேல துணி தச்சு, தையல் மேலயும் எழுதறேன். ரெண்டையும் பார்த்துட்டுத் தின்னு."

கறி நம்மவர் கண்ணை விட்டு அயலார் கை வழியாக வந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். உடைந்தால், உள்ளே இருப்பது போட்டு அனுப்பிய அதே கறிதானா என்று யார் சொல்வது? தொடக்கூடாது. இது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம்.

அந்த வாரம் முழுக்கக் கெத்தூரா அந்தக் கோழியை மனசுக்குள் தின்றுகொண்டே திரிந்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே அனுமதி வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

கண்டக்டர் ஒக்குமு அவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கையில் புத்தம்புது பிளாஸ்டிக் பை, அழகாக முடிச்சுப் போட்டு.

"அக்கா, உங்க பார்சல் சொரோட்டி தாண்டறதுக்குள்ள ஒழுக ஆரம்பிச்சிருச்சு. மேல யாரோ மூட்டையைப் போட்டு டப்பா நசுங்கிப்போச்சு. நான்தான் பிரிச்சு, என் காசுல பை வாங்கி மாத்திக் கட்டினேன். ஒரு துண்டு குறையாது, எண்ணிக்கங்க."

"அந்தத் துணி? டப்பா?"

"அந்த அழுக்கையா? தூக்கிப் போட்டுட்டேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். யாரைத் திட்டுவது? இந்த நல்ல மனசுக்காரனையா? "ரொம்ப நன்றி தம்பி," என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டாள். பஸ் சூட்டில் பை வெதுவெதுப்பாக இருந்தது.

தான் குடியிருக்கும் வாடகை அறைக்கு வந்து பையை மேஜை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கதவு சாத்தியிருந்தது. முத்திரை உடைந்தது அவளுக்கும் ஒக்குமுவுக்கும் மட்டும்தான் தெரியும், அவனுக்கோ அது முத்திரை என்பதே தெரியாது. தின்றுவிட்டு "அருமைடா தம்பி" என்று சொன்னால் கதை முடிந்தது. ஒரு காலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்தாள். சீ, என்ன பிழைப்பு இது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

யாயீர் எல்லாவற்றையும் கேட்டான்.

"ஏன்க்கா என்கிட்ட கேட்ட?" என்றான். "கேட்காம இருந்திருக்கலாம்ல? கேட்டுட்டா நான் ஒண்ணுதான் சொல்ல முடியும்."

"நீ பொரிச்சதுன்னு பார்த்தாலே தெரியுதுடா."

"அனுப்பறதுக்கு முன்னாடி நீ அதைப் பார்த்தியா? பார்க்காததை எப்படி அடையாளம் சொல்லுவ?"

"அப்ப நான் என்னடா பண்றது? இன்னும் நாலு மாசம் பீன்ஸா?"

"லீவு போட்டு வாக்கா."

"லீவா! ஒரு கோழிக்கு லீவு கேட்டா என்னை எந்த வார்டுல சேர்ப்பாங்க தெரியுமா?" போனையே கடித்துவிடுவாள் போலக் கத்தினாள். "அப்பாவுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்தது யாரு? நீ கோழி உதறினா ஓடி ஒளிஞ்ச பயல். எனக்கு ஒரு கத்தி அனுப்பு. நானே அறுத்துக்கறேன்."

"பொம்பளை அறுத்தா ஊர்ல..."

"சட்டத்துல கூடாதா, வழக்கத்துல கூடாதா? அதைச் சொல்லு."

"வழக்கத்துல," என்றான் மெதுவாக. "ஓய்வுநாள் கழியட்டும்க்கா. பெரியவங்ககிட்ட கேட்டுப் பேசுவோம்."

அந்த ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிவெடுப்பது எப்படி என்று கெத்தூராவுக்குத் தெரியும். ஜெபாலயத்துக் கூரை மாற்றவே ஆறு வருஷம் பேசினார்கள்.

பொழுது சாய்கிற நேரம். பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே லம்வாக்கா, வீட்டுச் சொந்தக்காரி, கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏ பிள்ளை, முழுசா ரெண்டு கோழியை என்கிட்ட கொடுத்துட்டு நீ என்ன திங்கப்போற?"

"பீன்ஸ்."

"உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?" என்று லம்வாக்கா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கெத்தூரா குளித்து, மெழுகுவத்தி இரண்டை ஏற்றி, கண்ணைப் பொத்தி ஜெபம் சொன்னாள். ஓய்வுநாள் தொடங்கிவிட்டது, இனி நாளைப் பொழுது சாய்கிறவரை போனைத் தொட முடியாது. சப்பாத்தியைப் பிட்டு வைத்து பீன்ஸைப் போட்டுக்கொண்டபோது, சுவருக்கு அந்தப் பக்கம் எலும்பு கடிபடுகிற சத்தம் கேட்டது.

"ஏ பிள்ளை! ருசின்னா ருசி!" என்று லம்வாக்கா கத்தினாள்.

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. "உப்பு எப்படி இருக்கு?" என்றாள்.

"கூடப்போச்சு. தண்ணி குடிச்சு மாளல. ஆனா நல்லாயிருக்கு."

யாயீர் கறிக்கு உப்பு வைத்தால் என்றைக்கும் கூடத்தான் போகும். கழுவு கழுவு என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், அவன் அவசரக்காரன். அப்படியானால் அது அவன் கைதான். அதே கோழிதான், ஒரு துண்டும் மாறவில்லை.

இப்போது தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவளுக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சப்பாத்தியை பீன்ஸில் தோய்த்தாள்.