மடக்குக்கு மடக்கு

சோலையப்பன் குவளையைக் கவிழ்த்து, ஒரு சொட்டும் விழவில்லை என்பதைக் கைப்பேசித் திரைக்குக் காட்டுகிறார். “இந்தா பாரு தாயி, அப்பா குடிச்சாச்சு. இப்ப ஒன் மடக்கு!”

திரையின் மறுபக்கம், சிவகங்கைச் சீமையில் ஒரு மருத்துவமனைக் கட்டில். அதில் ஏழு வயது மகள் விஜி. டெங்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால், காய்ச்சல் விட்டபின் வரும் நாள்களே ஆபத்தானவை, நீராகாரம் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தாய் சீதாலட்சுமி கெஞ்சியும் திறவாத வாய், தந்தையோடு போட்டி என்றால் மட்டும் திறக்கிறது.

வளைகுடாவின் ருவைஸ் நகரில் என் மகன் வசிக்கும் குடியிருப்பில் குளிரூட்டிகளைப் பழுதுபார்ப்பவர் சோலையப்பன். எந்த இயந்திரத்தையும் திறக்குமுன் அதை மெல்லத் தட்டி, “என்னய்யா, ஒடம்புக்கு என்ன?” என்று விசாரிப்பார். மதிய ஓய்வுக்கு எங்கள் மாடிப்படியின் நிழல். வெயிலுக்காக நிறுவனம் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து வைத்துக்கொண்டுதான் மகளை அழைப்பார்.

“அவளுக்கும் இதே ஓ.ஆர்.எஸ்.தாம்மா. நான் மட்டும் வெறுந்தண்ணி குடிச்சா கள்ளாட்டம்ல?”

உடன் வேலை செய்யும் ஐயப்பன் சும்மா விடுவதில்லை.

“அண்ணே, டெங்கு பிள்ளைக்கா, ஒங்களுக்கா? டூட்டில பாதி நேரம் பாத்ரூம்லதான் இருக்கீக!”

“இருக்கட்டும்டா. அவ ஒண்ணுக்குப் போனாளான்னுதான் டாக்டரும் கேக்குறாரு. போனா நல்லதாம்.”

நேற்றும் போட்டி தொடங்கியது. சோலையப்பன் குடித்து முடித்தார். விஜியோ குவளையைத் தள்ளிவிட்டாள்.

“வேணாம்.”

அவர் முகம் இறுகிவிட்டது. “ஏன் தாயி? வாந்தி வருதா? வயிறு வலிக்குதா?”

“போங்கப்பா, எப்பப் பாரு தண்ணி, தண்ணி! பசிக்குது. ரசஞ்சோறு தரச் சொல்லுங்க.”

சீதாலட்சுமியின் குரல் குறுக்கிட்டது. “இப்பத்தான் டாக்டர் பாத்துட்டுப் போனாரு. தேறிட்டாளாம். சோறு குடுக்கலாம்னுட்டாரு.”

சோலையப்பன் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பா, எங்க போனீக? ஒரே இருட்டா இருக்கு!”

“நெட்டு சரியில்ல தாயி. நீ சாப்பிடு.”

அவருடைய கட்டைவிரல் கைப்பேசியின் கேமராவை அழுத்தி மூடியிருந்தது.