எல்லம்மாள் சொன்ன ஒரே பொய்

திருப்போரூர் பக்கம் எங்கள் தெருவில் எல்லம்மாளைத் தெரியாதவர் கிடையாது. நாற்று நட்டுப் பிழைத்தவள். நாலு வயல் தாண்டிக் கேட்கும் குரல். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பொய் வராது. மகன் ஞானஸ்நானம் வாங்கிப் பெஞ்சமின் ஆகி, பிரிசில்லாவைக் கட்டிக்கொண்டபோதும், "எந்த சாமியா இருந்தா இன்னா, புள்ள நல்லா இருந்தா சரி" என்றாள்.

தொண்ணூற்றொன்பது ஆடி. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். பிரிசில்லாவுக்கு எட்டாவது மாதம். காலும் முகமும் வீங்கியிருந்தன. விடாத தலைவலி வேறு. பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டார்கள். மாமியாருக்குத் துணையாக வந்து நின்றவள், பம்பை அடி உச்சத்துக்குப் போனபோது விறைத்து விழுந்து, வெட்டி வெட்டி இழுத்தாள். வலிப்பு. எங்கள் ஜனத்துக்கு அது தோன்றவில்லை. சர்ச்சுக்குப் போகிற பெண் மேலேயே ஆத்தா இறங்கிவிட்டாள் என்று ஒரே பூரிப்பு. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையைக் கையில் திணித்து, கற்பூரம் காட்டி எல்லம்மாளே கேட்டாள்: "யாரும்மா வந்துகீற? இன்னா வோணும், சொல்லு!" மறுபடி இழுத்து, நாக்கைக் கடித்து ரத்தம் வந்த பிறகுதான் வண்டி பிடித்தார்கள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், பிரஷர் ஏறி வந்த வலிப்பு என்றார்கள். உடனே ஆபரேஷன். பெண் குழந்தை, வயிற்றுக்குள்ளேயே உயிர் போயிருந்தது. நினைவு திரும்பிய பிரிசில்லா, "லைட்டப் போடுங்க" என்றாள். அப்போது பட்டப்பகல்.

தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா பெஞ்சமினிடமும் எல்லம்மாளிடமும் சொன்னார்: "கண்ணு நல்லாத்தான் இருக்கு. பார்க்கிறதைப் புரிஞ்சிக்கிற இடம் மூளையோட பின்பக்கம். அங்க வீக்கம். வடிஞ்சா பார்வை வந்துடும். ஆனா பிரஷர் மறுபடி ஏறக் கூடாது."

அந்தக் கடைசி வார்த்தையை எல்லம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கொயந்த எங்க அத்த?"

"கண்ணாடிப் பொட்டில வெச்சிகீறாங்க. எட்டு மாசத்துக் கொயந்த இல்ல? மூக்கு அப்டியே உன்னுதுதான்."

குரல் நடுங்கவில்லை. பிரிசில்லா தடவித் தடவி டம்ளரில் பீய்ச்சிக் கொடுக்கும் பாலை, "தோ, குடுத்துட்டு வரேன்" என்று வாங்கிப்போய், வராந்தாக் குழாயடியில் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுவாள். வார்டே அந்தப் பெண்ணுக்குப் பார்வை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. எல்லம்மாள் ஒருத்திதான் அதற்குப் பயந்தாள், பாவம்.

ஒருநாள் காலை டம்ளரை நீட்டும்போது பிரிசில்லாவுக்குக் கண் கூசியது. முதலில் ஜன்னல் கம்பி தெரிந்தது. பிறகு பச்சைச் சுவர். பிறகு எதிரே நின்ற முகம். அழுது அழுது வீங்கிய அந்த முகம், "பாப்பா நல்லா குடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பிரிசில்லா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க பொதச்சீங்க அத்த?"