ஊசிக்காரரின் சட்டை

1. புதிய வேலை, பழைய ஆள்

என்னைப் பார்த்தால் மாடுகள் ஓடும். மேய்ச்சல் நில ஆலோசகராக என்னை மாற்றிய அன்று இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆபிசிலும் யாரும் கேட்கவில்லை.

அதற்கு முன் நான் கால்நடை இலாகாவின் தடுப்பூசிப் பிரிவில் இருந்தேன். செபராங் பிறை மாட்டுக்காரர்கள் என்னை ‘ஊசி அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோமாரி ஊசி போடும் சீசனில் எங்கள் வேன் தோட்டத்து ரோட்டில் திரும்பும்போதே மாடுகள் தலையைத் தூக்கிவிடும். இத்தனைக்கும் நான் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் வளர்ந்தவன். சின்ன வயதில் எனக்குத் தெரிந்த பால், டின்னுக்குள் இருந்தது. மாட்டுக்கு என் மேல் பயம், எனக்கு மாட்டின் மேல் பயம். இப்படியே பாதி சர்வீஸ் ஓடிவிட்டது.

ஜோர்ஜ்டவுன் ஆபிசில் சில நாள் ஏர்கோன் அறையில் உட்காரவைத்து, புல்லைப் படம் படமாகக் காட்டி, என்னை ஆலோசகர் ஆக்கினார்கள். கேட்க எளிமையான பாடம்தான். மாட்டை ஒரே இடத்தில் விட்டுவைத்தால் நல்ல புல்லை வேர்வரை கடித்துவிட்டுக் களையை மிச்சம் வைக்கும். அதனால் நிலத்தைப் பிளாக் பிளாக்காகப் பிரிக்க வேண்டும். ஒன்றில் மேய்ந்ததும் அடுத்ததற்கு மாற்றினால், விட்டுவந்த இடத்தில் புல் திரும்ப வளரும். இதுதான் ரொட்டேஷன். பிரிப்பதற்குக் கரண்ட் வேலி. ஒற்றைக் கம்பியும் பேட்டரியில் ஓடும் எனர்ஜைசரும் போதும். மூக்கு பட்டால் சுரீர் என்று ஒரு அடி விழும். அடுத்த முறை மாடு தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்.

பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினேன். பரீட்சை ஹாலில் மாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2. சரோஜாவின் மாடுகள்

என் முதல் கேஸ் சரோஜா. அவர் மாடுகளுக்கும் வருஷா வருஷம் நான்தான் ஊசி போட்டிருந்தேன். நிபோங் திபால் பக்கம், பைராம் தோட்டத்தையும் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பால் மாடு வைத்திருந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மாடுகள் பெரிய மரங்களுக்கு அடியில் மேயும். விடிகாலையில் கறந்த பாலை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஊற்றுவார். மாடு களையைத் தின்றால் மருந்தடிக்கும் செலவு மிச்சம் என்று தோட்டமும் விட்டுவைத்திருந்தது.

பக்கத்துப் பிளாக்கில் கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டு இளங்கன்றுகளை நட்டபோதுதான் வினை வந்தது. செம்பனைக் கன்றின் குருத்து மாட்டுக்கு அல்வா. ஒரு மத்தியானம் சரோஜாவின் மாடுகள் உள்ளே புகுந்து ஒரு வரிசையையே மொட்டையடித்துவிட்டன. மாதக் கடைசிக்குள் எல்லா மாட்டையும் வெளியேற்றச் சொல்லிவிட்டார் மேனேஜர் ராகவன். மனிதர் கெட்டவர் இல்லை. அந்தக் கன்றுகளுக்காக மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சரோஜாவுக்குப் போக வேறு நிலம் இல்லை. நான் போனபோது அழவில்லை, திட்டவும் இல்லை. தொட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“மாட்டை வித்துட்டு ஃபேக்டரியில போய் நிக்கலாம்ண்ணே. நிக்க முடியாதுன்னு இல்ல. ஆனா எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.”

அவர் அழுதிருந்தால்கூட ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பேன். பிடிச்சிருக்கு என்று சொன்ன ஒருவரை எப்படி விட்டுவிட்டு வருவது? நேரே மேனேஜரிடம் போனேன். புல் படங்களில் பார்த்ததையெல்லாம் கொட்டி, கம்பி கட்டிக் காட்டுகிறோம், ஒரு நாள் வந்து பாருங்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

“வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் மாடு இருக்கட்டும். ஆனா ஒரு மாடு கன்னுப் பக்கம் போனாலும் அதோட சரி. அப்புறம் யாரும் என்கிட்ட வந்து பேசக்கூடாது.”

இலாகா வேன் வேலைநாளில் வேறு பக்கம் ஓடும். அதனால் சனி, ஞாயிறில் டீசட்டையும் அரைக்கால் சட்டையுமாக என் மோட்டார் சைக்கிளில் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போனேன். நானும் சரோஜாவும் கம்பி கட்டினோம். கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்க நீளமான காய்ந்த புல்லைக் கம்பியில் வைத்தால் விரலில் லேசாகத் துடிக்கும் என்று படித்திருந்தேன். அதைச் செய்துகாட்ட நான் பறித்தது குட்டையான புல். அதுவும் மழையில் நனைந்த புல். சுதாரித்துப் பார்த்தபோது ஓரத்துக் காலுவாயில் உட்கார்ந்திருந்தேன்.

“வேலி நல்லா வேலை செய்யுதுண்ணே,” என்றார் சரோஜா.

மாடுகள் என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டன. சில வாரத்தில் கம்பியை மதித்து நடந்தன. அதைவிட எனக்குப் பெரிய சந்தோஷம், அவை என்னைக் கண்டு ஓடவில்லை. ஒரு கிடாரி என் மோட்டார் சைக்கிள் சீட்டை நக்கிப் பார்த்தது. அவை என்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மாட்டுக்குக்கூட மறதி நோய் வருமா என்று மனைவி கேட்டாள்.

3. ஐஸ் பெட்டி

மேனேஜர் வரும் நாள் வந்தது. இலாகாவின் மானம் என் கையில் என்ற நினைப்பில் காக்கி யூனிபார்மைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டேன். பெயர் பேட்ஜும் குத்திக்கொண்டேன். கெஞ்சிக் கூத்தாடி வேனையும் வாங்கிவிட்டேன். வெயிலில் நிற்கப்போகிற மேனேஜருக்குக் குளிர்ச்சியாக ஏதாவது கொடுக்க வேண்டாமா? வேனில் கிடந்த வெள்ளை ஐஸ் பெட்டியைக் கழுவி, ஐஸ் கொட்டி, பேக்கட் பானங்களை அடுக்கினேன். அது வருஷக்கணக்கில் தடுப்பூசி மருந்து வைத்த பெட்டி. அன்று அது எனக்கு வெறும் ஐஸ் பெட்டியாகத்தான் தெரிந்தது.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மாடுகள் நின்ற பிளாக்குக்கு இந்தப் பக்கம் இளங்கன்றுகள், அந்தப் பக்கம் புல் வளர்ந்து தயாராக இருந்த அடுத்த பிளாக். திட்டம் இதுதான்: சரோஜா அந்தப் பக்கத்துக் கம்பியைத் திறந்து, வாளியில் புண்ணாக்கைக் காட்டி மாடுகளைக் கூப்பிட வேண்டும். அவை அமைதியாக அடுத்த பிளாக்குக்கு நடக்க, மேனேஜர் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு மரநிழல் இருந்ததால், வேனை அங்கே கன்றுகளுக்கு முன்னால் நிறுத்தினேன். இதில் என் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. நிழல்தான் காரணம்.

சரோஜா கம்பியைத் திறந்தார். வாளியைத் தட்டினார், கூப்பிட்டார். ஒரு மாடும் அசையவில்லை. எல்லாம் வேனையே பார்த்துக்கொண்டு நின்றன. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூழ்நிலையைச் சமாளிக்க, சார் ஒரு டிரிங்க் சாப்பிடுங்க என்று சொல்லி வேன் கதவை இழுத்து, அந்த ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

அந்த மூடி கிரீச் என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று அந்த மாடுகளுக்கு நன்றாகத் தெரியும்.

வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தன. போச்சு, சரோஜாவின் பிழைப்பை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஊசிக்காரனிடமிருந்து ஓடுகிற மாடு அவன் நிற்கும் பக்கமா ஓடும்? கன்றுகளுக்கு முன்னால் நான் நின்றேன். ஆகவே அத்தனையும் எதிர்ப்பக்கம், சரோஜா திறந்துவைத்த வழியாக, அடுத்த பிளாக்குக்குள் போய்ச் சேர்ந்தன. சரோஜா வாளியை வீசிவிட்டு ஓரமாகத் தப்பித்து, பின்னாலேயே கம்பியை மாட்டிவிட்டார். ஒரு கன்றின் குருத்துகூட உடையவில்லை.

நான் நீட்டிய பேக்கட்டை வாங்கிக்கொண்டு மேனேஜர் அசந்து நின்றார்.

“இவ்வளவு வேகமா மாறுமா?”

“டிரெய்னிங் சார்,” என்றேன். சரோஜா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புல் இருக்கும்வரை பார்க்கலாம், ஆனால் கன்றுப் பக்கம் கம்பி அறுந்தால் பொறுப்பு யார் என்று கேட்டுவிட்டு மேனேஜர் போனார். கேள்வி நியாயமானது. மழைக்காலத்தில் ஈரப்புல் கம்பியைத் தொட்டால் கரண்ட் இறங்கிவிடும். அன்று மாடு நேரே குருத்துக்குப் போகும். சரோஜா என் காக்கிச் சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உங்க பழைய யூனிபார்ம் சட்டை ஒன்னு இருக்குமாண்ணே? துவைக்காம குடுங்க லா. அந்த மருந்து வாசம் இருக்கணும்.”

4. சட்டை செய்த வேலை

கொடுத்தேன். கரண்ட் இறங்கும் நாளில் மட்டும் அதைக் கன்றுப் பக்கத்துக் கம்பத்தில் மாட்டுவார். எப்போதும் மாட்டினால் பழகிவிடும் என்பார். மாடுகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்த மேனேஜர் கம்பத்தில் என் சட்டையைப் பார்த்தார். எல்லாம் புரிந்திருக்க வேண்டும். சரோஜாவின் மாடுகளை இருக்க விட்டதோடு, அடுத்த டிவிஷனிலும் ரொட்டேஷன் செய்யலாமா என்று ஆபிசுக்குக் கேட்டு அனுப்பினார். ஆபிசில் என்னைப் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஓர் இடத்துக்கு ஆலோசனை சொல்லப் போகுமுன், அங்கே உங்களுக்கு ஏற்கெனவே என்ன பெயர் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாற்றல் கடிதம் மாடுகளுக்குப் போய்ச் சேராது.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள் சரோஜாவைப் பார்க்கப் போனேன். அன்று மழை விட்டிருந்தது. சட்டை கம்பத்தில் இருந்தது. பெரிய மாடுகள் தூரத்தில் மேய்ந்தன. ஒரு கன்றுக்குட்டி மட்டும் கம்பத்தடியில் நின்று என் சட்டைக் கையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. நான் வேலையை விட்டபின் பிறந்த கன்று. என் ஊசியைப் பார்த்ததே இல்லை.

கிட்டே போனேன். ஓடவில்லை. சட்டையை விட்டுவிட்டு என் கையை நக்கியது. சொல்ல என்ன வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரோஜா வந்து நனைந்து கிழிந்த சட்டையை எடுத்துப் பிழிந்தார்.

“இதுக்கும் பென்சன் குடுத்திடலாம்ண்ணே,” என்றார்.