தேவசகாயம் எழுதிவைத்த தப்பித்தல்கள்

லிங்கராஜபுரம், பெங்களூரு
14 ஜூலை 2025, திங்கட்கிழமை, காலை 10.40 மணி

பொருள்: திரு. தேவசகாயம் அவர்களின் மறைவும் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய மனுவும்

நம் தெருக் குடியிருப்போர் அனைவருக்கும்,

கடந்த 9ஆம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு பத்துக்கு என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. எதிர் வீட்டு எஸ்தர், தேவசகாயத்தின் மகள். "அங்கிள், அப்பா எழுந்திருக்கல" என்றார். குரலில் அழுகை இல்லாததால் எனக்கு உடனே விளங்கவில்லை. நான் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் மருத்துவர் வந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, விடிவதற்குச் சற்று முன்பாக இருக்கலாம் என்றார். சரியான நேரத்தை அவரால் சொல்ல முடியவில்லை.

தேவசகாயம் சுரங்கம் மூடப்படும்வரை கோலார் தங்கவயலில் இருந்தவர். ஆட்களை ஏற்றிய கூண்டு கீழே இறங்குமுன் மணி அடித்து அனுமதி தருவது அவர் வேலை. அங்கே கல் விழுந்து யாருக்கும் அடிபடாவிட்டாலும் அன்றைக்கே எழுதிவைப்பார்களாம். நம் தேவாலயத்துக்கு எதிரே, சாலை நடுவே உள்ள டிவைடரின் இடைவெளியில் மக்கள் சாலையைக் கடப்பதைப் பார்த்த பிறகு, அதே போல ஒரு நோட்டுப் போட்டார். "அடிபட்டவன் பேரை ஊரே ஞாபகம் வச்சுக்கும், செயலாளரே. தப்பிச்சவன் கதையை நாமதான் எழுதணும்" என்பார்.

நோட்டில் ஐந்து கட்டங்கள்: தேதி, நேரம், வாகனம், அடிபட்டவர், பயந்தவர். ஐந்தாவது கட்டம் எதற்கு, அச்சத்துக்கு ஏது சான்று என்று நான் ஆட்சேபித்தேன். "நீங்க ஆபீஸ்ல வேலை பார்த்தவர் சார். கூண்டுல இறங்கியிருந்தா கேட்டிருக்க மாட்டீங்க" என்று சிரித்துவிட்டார்.

இந்த மார்ச் மாதம், இரண்டு வேகத்தடைகள் போடவும் டிவைடர் இடைவெளியை மூடவும் குடியிருப்போர் கருத்தைக் கேட்டு மாநகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. நான் 'ஆம்', 'இல்லை' என இரு கட்டங்கள் கொண்ட படிவத்தைத் தட்டச்சு செய்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரும் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். பேக்கரி சலீமிடம் போனபோது நானும் உடனிருந்தேன்.

"டிவைடர் கேப்பை மூடினா எதிர்ப்பக்கத்து ஆளு ஒருத்தரும் என் கடைக்கு வரமாட்டாங்க, பெரியவரே. நான் எதிர்ப்புன்னு எழுதிக்குங்க. அப்புறம் என்கிட்ட டீ கேக்காதீங்க."

"எழுதியாச்சு. டீ கொண்டா."

இருவருமே சிரித்தார்கள். டீயும் வந்தது. அந்த எதிர்ப்பு இன்றும் மனுவோடு அப்படியே இருக்கிறது.

ஜூன் 2ஆம் தேதி, திங்கட்கிழமை, மாநகராட்சிப் பொறியாளர் பார்வையிட வந்தார். யாராவது இறந்திருக்கிறார்களா என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றேன். உயிர்ச்சேதம் நடந்த தெருக்களுக்குத்தான் முதலிடம் என்றார். தேவசகாயம் நோட்டை நீட்டினார். பொறியாளர் பொறுமையாகவே புரட்டிவிட்டு, "இதில் போலீஸ் கேஸ் நம்பர் எங்கே?" என்றார். தேவசகாயம் நோட்டை வாங்கி மூடிக்கொண்டார்.

10ஆம் தேதி, வியாழக்கிழமை, அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில் நின்றிருந்தபோது நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் பிரகாஷ் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

"சார், மனுல ஒரே ஒரு வரி சேர்ப்போம். 'சாலையைக் கடக்கையில் வாகனம் மோதி மறைந்தார்'னு."

"அவர் படுக்கையில் இறந்தார், பிரகாஷ்."

"முந்தின நாள் சாயங்காலம் பைக் உரசினது உண்மைதானே? ஒரு ஆள் போனாத்தான் ஸ்பீடு ஹம்ப் போடுவாங்கன்னா, போயிட்டாரே சார்! அவருக்கு இனி என்ன நஷ்டம்?"

பிரகாஷ் கெட்டவர் அல்லர். அவர் பேத்தி தினமும் அந்த இடைவெளியைக் கடந்துதான் பள்ளிக்குப் போகிறாள். அதனாலேயே அவருக்கு என்னால் கோபத்தோடு பதில் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை எஸ்தர் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப் பதிவு 8 ஜூலை, செவ்வாய், மாலை 5.45. வாகனம்: பைக், அதன் பக்கக் கண்ணாடி என் கைப்பையில் தட்டியது. அடிபட்டவர்: யாருமில்லை. பயந்தவர்: நான்.

அந்தப் பயம்தான் இரவெல்லாம் நெஞ்சில் தங்கிவிட்டதா? மருத்துவரிடம் கேட்டேன். பழைய இதய நோய், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுத என் கை வரவில்லை. அடிபட்டவர் யாருமில்லை என்று அவரே எழுதியிருக்கும்போது, அந்தக் கட்டத்தில் அவர் பெயரை நான் எப்படி எழுதுவேன்?

ஆனால் அந்த வரி இல்லாததால் வெள்ளிக்கிழமை நம் மனு ஒதுக்கப்பட்டு, நாளை ஒரு குழந்தை அங்கே விழுந்தால், என் நேர்மையை வைத்துக்கொண்டு அந்தத் தாயிடம் என்ன சொல்வேன்? நான்கு நாட்களாக எனக்கு இதே பயம்தான். "அப்பா எழுதினதையே கொடுங்க அங்கிள். அதுக்கு மேல ஒரு வரி போட்டாலும் அது அப்பா இல்ல" என்றார் எஸ்தர். அவர் சொன்னதைப் பற்றிக்கொண்டு நிற்கிறேன்.

அவரைத் துணிச்சல்காரர் என்று இரங்கல் கூட்டத்தில் சொன்னார்கள். நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது வேறு. எழுபது வயதைக் கடந்த ஒரு மனிதர், 'பயந்தவர்' என்ற கட்டத்தில் கூச்சமில்லாமல் தன்னையே எழுதினார். என் வாழ்நாளில் எந்தக் காகிதத்திலும் நான் அதைச் செய்ததில்லை. இன்று இந்தக் கடிதத்தில் செய்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சி. மாசிலாமணி, செயலாளர்

இணைப்புகள்:
1. தேவசகாயத்தின் நோட்டு, எல்லாப் பக்கங்களின் நகல்.
2. குடியிருப்போர் கருத்துகள், எதிர்ப்புகள் உட்பட.
3. மருத்துவர் அளித்த இறப்புச் சான்றின் நகல், எஸ்தரின் ஒப்புதலுடன்.
4. செயலாளர் பொறுப்பிலிருந்து என் விலகல் கடிதம். பிரகாஷ் சொன்ன வரி வேண்டும் என்று உங்களில் பெரும்பாலோர் கருதினால் இதை ஏற்றுக்கொள்ளலாம். கையெழுத்திட்டிருக்கிறேன். தேதி இடவில்லை.