நெலிதா பற்றவைத்த மூன்றாம் தொட்டி

நெலிதா அர்ரியாகாவுக்குக் காற்றடைத்த எதைக் கண்டாலும் பயம். பிறந்தநாள் வீட்டில் யாராவது பலூன் ஊதினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் மொஹாவே பாலைவனத்தில் ராக்கெட் தொட்டிகளை வெல்டிங் வைத்துப் பற்றவைக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது துலாரேயில் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பவில்லை.

துலாரே பால் ஊர். அங்கே ஒரு பட்டறையில் பால்பண்ணைகளுக்கான எவர்சில்வர் தொட்டிகளைப் பத்தொன்பது வருடம் பற்றவைத்தாள். பால் தொட்டியின் மூட்டு விரலுக்குத் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் அந்த இடத்தில் பால் தங்கிப் புளித்துவிடும். நெலிதா போட்ட மூட்டு தட்டுப்படாது. பட்டறை முதலாளி வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து, கண்ணை மூடிக்கொண்டு தடவி, மூட்டு எங்கே என்று சொல்லச் சொல்வார். ஒருவராலும் முடிந்ததில்லை.

அங்கே சேர்ந்த பத்தாம் வருடம், ஓர் ஆகஸ்டில், வறட்சியால் ஊரில் தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்தது. தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பதற்குப் பதில் காற்றை அடைத்துச் சோதித்தார்கள். தண்ணீர் என்றால் விரிசல் வழியே கசியும், அவ்வளவுதான். காற்று வெடிக்கும். உபால்தோ என்கிற தொழிலாளி அவள் பக்கத்தில் நின்று, தன் மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் உடைக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வியை முடிக்கவில்லை. தொட்டியின் மூடி அவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. நெலிதாவின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று முதல் அவள் காது தூங்கவே இல்லை. லாரி டயர் பெருமூச்சு விட்டாலும், குளிர்பானப் பாட்டில் திறந்தாலும் தோள்கள் தானாக ஏறிக்கொள்ளும்.

அவள் கணவன் எஃப்ராயின் கார்களுக்குப் புகைக்குழாய் மாற்றும் கடை வைத்திருந்தான். ஊருக்குள் மின்சாரக் கார்கள் வரத் தொடங்கின. முதலில் டாக்டர்கள் வாங்கினார்கள், அப்புறம் பாதாம் தோப்புக்காரர்கள், அப்புறம் பள்ளி ஆசிரியைகள். கடைசியில் நகராட்சியே வாங்கியது. அந்தக் கார்களில் புகையும் இல்லை, குழாயும் இல்லை. ஒரு நாள் எஃப்ராயின் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் போட்டான்.

"இன்னைக்கு ஒரே ஒரு வண்டி வந்துச்சு நெலி. அதுவும் வழி கேக்க வந்தது."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கசிமிரோ போனில் கூப்பிட்டார்; மரியாதைக்கு எல்லோரும் அவரைத் தொன் கசிமிரோ என்பார்கள். அவளோடு பால் தொட்டிப் பட்டறையில் இருந்தவர், உபால்தோ செத்த அன்றும் அங்கே நின்றவர், அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவால் அவளைக் கொமாத்ரே என்றுதான் அழைப்பார். அவர் மொஹாவேயில் ஒரு சின்ன ராக்கெட் கம்பெனியில் சேர்ந்திருந்தார்.

"இங்கயும் எவர்சில்வர்தான் கொமாத்ரே. பாலுக்குப் பதிலா வேற என்னமோ ஊத்தறாங்க. உன் கை இங்க வேணும்."

"காத்தடைப்பாங்களா?"

"நாம தள்ளித்தான் நிப்போம். ரொம்பத் தள்ளி."

எஃப்ராயினைத் துலாரேயில் விட்டுவிட்டு நெலிதா மொஹாவே போனாள். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் மின்சாரக் கார்களுக்குப் பாட்டரி செய்து பெரிய ஆளானவர். தன் புருஷனின் கடையைத் தின்ற கார்களால் வந்த காசுதான் தனக்குச் சம்பளமாக வருகிறது என்று நெலிதாவுக்குத் தெரியும். அதை எஃப்ராயினிடம் அவள் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. பதினான்கு மாடி உயர ராக்கெட். மேலே போன இரண்டு பாகமும் முழுசாகத் திரும்பி வந்து நிற்க வேண்டும். அதற்காக எடையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரைபடம் மாறும். தகடு மெலியும். "கார்ல வாராவாரம் மாத்தினோம், இதுலயும் மாத்தலாம்" என்பது அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு. கார் நின்றுபோனால் ஓரமாக விட்டு இறங்கிவிடலாமே என்று நெலிதா நினைப்பாள். வாயைத் திறக்க மாட்டாள்.

மூன்றாம் தொட்டியின் அடிவளையம் அவள் வேலை. வெஸ்டன் என்கிற இளம் பொறியாளர் வேலை நடந்த கூடாரத்துக்குள் நடந்தபடி மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை அழுத்தச் சோதனை, விருந்தாளிகள் வருகிறார்கள், சாயங்காலத்துக்குள் தொட்டியைத் தூக்கி நிறுத்தியாக வேண்டும். கடைசி ஒரு சாண் மூட்டு மிச்சம் இருந்தபோது கூடாரத்தின் ஓரத்தைப் பாலைக்காற்று தூக்கியடித்தது. பற்றவைக்கும்போது மூட்டைச் சுற்றிப் பாதுகாப்பு வாயு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; காற்று அதைக் கலைத்துவிட்டது. முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல மூட்டு வைக்கோல் நிறத்தில் இருக்கும். நீலம்கூடப் பரவாயில்லை. இவள் முன்னால் நாலு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம். அந்த இடத்தில் இரும்பு உள்ளே பொரிந்து போயிருக்கலாம்.

"முடிஞ்சுதா நெலிதா?" என்றார் வெஸ்டன்.

அவள் கை கம்பித் தூரிகையை எடுத்தது. பத்து இழுப்பில் சாம்பல் போய்ப் பளபளப்பு வந்தது.

"முடிஞ்சுது" என்றாள்.

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு காரியத்தை அவள் செய்ததே இல்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வளையம் முழுக்க எடுக்க நேரமில்லை, பத்து இடங்களில்தான் எடுத்தார்கள். அவளுடைய நாலு விரல் இடம் அந்தப் பத்தில் இல்லை. சாயங்காலம் எஃப்ராயினிடம் போனில் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டாள். அவன் முந்திக்கொண்டான்.

"நெலி, கடைப் பலகையைக் கழட்டிட்டேன். பரவால்ல, நீ இருக்கியே. நீ எதுக்குக் கூப்ட்ட?"

"சும்மாதான். சாப்ட்டியான்னு கேக்க."

இரண்டு நாள் தொட்டி நின்றிருந்த பக்கம் பார்க்காமல் நடந்தாள். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், யாராவது செத்துவிடுவார்கள் என்ற பயம் மறு பக்கம். ஒன்று மற்றதைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. ஆனால் சோதனையின்போது தொட்டியருகே யாரும் இருக்க மாட்டார்கள், நானூறு மீட்டர் தள்ளி மண்மேட்டுக்குப் பின்னால்தான் எல்லோரும் நிற்பார்கள். கிழிந்தால் இரும்புதானே கிழியும் என்று சொல்லிச் சொல்லி மனசை இழுத்துப் பிடித்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தொட்டியில் கடுங்குளிர்த் திரவ நைட்ரஜனை நிரப்பத் தொடங்கினார்கள். எவர்சில்வர் மேல் வெள்ளையாக உறைபனி ஏறியது. விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார்கள். கசிமிரோ முட்டையும் சொரிசோ என்கிற காரப் பன்றி இறைச்சியும் சுருட்டிய ரொட்டியை ஒரு வாய் கடித்துவிட்டு அவளிடம் நீட்டினார். அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டாள்.

அழுத்தம் முக்கால் பங்கு ஏறியபோது அடிப்பக்க வால்வு ஒன்றில் வாயு பீறிட்டது. வெஸ்டன் திரையைப் பார்த்தார், விருந்தாளிகளைப் பார்த்தார்.

"பாதிக்கு இறக்கிடறேன். பாதிக்குக் கீழ இருந்தா ஆள் கிட்ட போகலாம்னு நம்ம விதியிலயே இருக்கு. ரெண்டு போல்ட்டு இறுக்கினா போதும். யாரு போறீங்க?"

"நான் போறேன்" என்றார் கசிமிரோ, ரொட்டியைக் காகிதத்தில் சுற்றியபடி. "என்னை எடுக்கணும்னா அன்னைக்கே துலாரேல எடுத்திருக்கும்."

அவர் ஸ்பானர் பெட்டியோடு பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வால்வு இருந்தது அடிவளையத்துக்கு நேர் கீழே. அவளுடைய நாலு விரல் இடம் அவர் தலைக்கு ஒரு முழம் மேலே இருக்கும். நெலிதா ஓடிப்போய் வண்டியின் முன்னால் நின்று இரண்டு கையையும் சூடான இன்ஜின் மூடியின் மேல் ஊன்றிக்கொண்டாள்.

"கொமாத்ரே, தள்ளு. என்ன விளையாட்டு இது?"

"போகாதீங்க."

வெஸ்டன் ஓடிவந்தார். "நெலிதா, என்ன பண்றீங்க? அவங்கல்லாம் பாத்துட்டு இருக்காங்க!"

"என் மூட்டு கெட்டுப் போச்சு" என்றாள். "சாம்பல் அடிச்சிருந்துது. நான்தான் தேய்ச்சு மறைச்சேன். நாலு விரல் அகலம். அந்த வால்வுக்கு மேலதான்."

வெஸ்டனின் முகம் வெளுத்தது. "இதை இப்பவா சொல்றீங்க?"

"இப்பத்தான் வாய் வந்துச்சு."

"பாதி அழுத்தம்தான், ஒண்ணும் ஆகாது. தொன் கசிமிரோ, நீங்களே சொல்லுங்க—"

"என்னைத் தாண்டி வண்டி போகாது" என்றாள் நெலிதா. பற்கள் கிடுகிடுத்தன. அந்த வெயிலில் அவளுக்குக் குளிர் எடுத்தது. "போலீஸைக் கூப்பிடுங்க. வேலையை விட்டுத் தூக்குங்க. நான் நகர மாட்டேன்."

கசிமிரோ இன்ஜினை அணைத்தார். வெஸ்டன் வாயைத் திறந்தார். அப்போதுதான் தொட்டி போனது.

முதலில் கண்ணுக்குத்தான் தெரிந்தது. தொட்டியின் இடுப்பில் ஒரு வெள்ளைக் கோடு, உடனே அது நின்ற இடம் முழுக்க மேகம். பிறகு சத்தம் வந்து எல்லோர் நெஞ்சிலும் இடித்தது. தகட்டுத் துண்டுகள் காற்றில் புரண்டு செடிகளுக்கு நடுவே விழுந்தன. விருந்தாளிகள் மண்ணில் குப்புறக் கிடந்தார்கள். நெலிதா மட்டும் வண்டி மூடியில் கை ஊன்றியபடியே நின்றாள். கையை எடுக்க அவளால் முடியவில்லை.

மேகம் கலைந்து வெகுநேரம் கழித்து, கசிமிரோ வண்டியைக் கிளப்பப் பார்த்தார். சாவி துவாரத்துக்குள் போகவே இல்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு அவளிடம் நீட்டினார்.

"நீ போடு கொமாத்ரே" என்றார்.

துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை வெஸ்டன் அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். தரையில் அடிவளையம் கிடந்தது, முழுசாக. அவள் மூட்டு பிரியவே இல்லை. அந்த நாலு விரல் இடமும் அப்படியே இருந்தது.

"மேல கிழிஞ்சிருக்கு" என்றார் வெஸ்டன். "போன திங்கட்கிழமை ஒரு தாங்கி சேர்த்தோமே, அங்க. அதை வரைஞ்சது நான்." குனிந்து வளையத்தைத் தொட்டார். "தொன் கசிமிரோவை நான் அங்க அனுப்பியிருப்பேன். கண்ணை மூடினா அதான் வருது."

நிம்மதி வரும் என்று நெலிதா நினைத்தாள். வரவில்லை. இரண்டு நாள் அவள் தவறான இடத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள். சரியான இடத்தைப் பார்த்து யாருமே பயப்படவில்லை.

மூட்டைத் தேய்த்து மறைத்ததற்காக எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அழுத்தம் முழுவதும் இறங்காமல் தொட்டியருகே ஆள் போகக் கூடாது என்று விதியையும் திருத்தினார்கள். நான்காம் தொட்டி தாங்கியது. அதற்குள் கம்பெனியைத் தாங்க ஆள் இல்லாமல் போயிற்று; எட்டு மாதத்தில் பூட்டிவிட்டார்கள். கசிமிரோ பேக்கர்ஸ்ஃபீல்டில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். வெஸ்டன் எங்கே போனார் என்று தெரியவில்லை.

நெலிதா துலாரேக்குத் திரும்பியபோது எஃப்ராயின் மின்சாரக் கார் பழுதுபார்க்கும் படிப்பை முடித்திருந்தான். வாடகைக்கு எடுத்த கொட்டகையில் முதல் வேலை வந்தது: ஒரு பழைய காரின் பாட்டரிப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம். திறக்கும்போது இன்னொருவர் ரப்பர் கையுறை மாட்டி, மின்சாரம் ஏறாத நீளக் கொக்கியோடு பின்னால் நிற்க வேண்டும் என்பது படிப்பில் சொல்லிக்கொடுத்த விதி. ஷாக் அடித்தால் கையால் தொடாமல் கொக்கியை மாட்டி இழுத்துப்போட வேண்டும்.

"பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுக்கறேன்" என்றான் எஃப்ராயின். "உனக்கு இதெல்லாம் ஆகாது நெலி. நீ வீட்டுக்குப் போ."

"அவன் போனையே பாத்துட்டு நிப்பான்."

"நீ நடுங்கிக்கிட்டே நிப்ப."

"நடுங்கிக்கிட்டே இழுப்பேன். கையுறையைக் குடு."

அவன் கொடுத்தான். அவள் மாட்டிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் கொக்கியோடு நின்றாள். உள்ளங்கை வேர்வையில் ரப்பர் வழுக்கியது. பெட்டியின் மேல் நாற்பத்திரண்டு போல்ட்டுகள் இருந்தன. அவன் முதலாவதைக் கழற்றினான்.

"பேசிக்கிட்டே கழட்டு" என்றாள். "நிறுத்தாதே. எதையாவது பேசு."

"என்ன பேச?"

"எதுவானாலும். வாக்கியத்தை மட்டும் முடிச்சுடு."

அவன் ஒரு கணம் கையை நிறுத்தினான். பிறகு திரும்பிப் பார்க்காமல், காலையில் ரொட்டிக் கடையில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.