முதுகுப் பக்கத்துக் கொக்கிகள்

தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் கூடத்தின் மாடியில் தையலறை. அங்கே அவளை எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். கையில் இருப்பதும் ஊசி, வாயில் இருப்பதும் ஊசி.

இப்போது எடுப்பது, கவுன் உடுத்தும் ஒரு குடும்பத்தின் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்பா செத்ததும் வீடு அத்தை மகனுக்குப் போகிறது. அவனைக் கட்டிக்கொண்டால்தான் கதாநாயகிக்குக் கூரை. அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, விடியுமுன் தானே உடுத்திக்கொண்டு கிளம்புகிறாள்.

நடிக்கிற பெண் அளவு கொடுக்க வந்தபோது அந்த மாட்டேன் வசனத்தைப் படித்துக் காட்டினாள். "எப்படிக்கா இருக்கு?"

"இருக்கும் இருக்கும். உனக்கு எழுதிக் குடுக்க ஆள் இருக்கு."

ஊசியக்காவின் அப்பா செத்தபோதும் வீடு கைமாறியது. பதினாறாம் நாள் காரியம் கூட முடியவில்லை. மாமா ஒரு வரனைக் கொண்டுவந்தார். கரையேற்றிவிட்டோம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். கணவர் கெட்டவரில்லை. ஆனால் அவர் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வேண்டுமா என்று அவளையும் யாரும் கேட்கவில்லை. மாட்டேன் என்ற சொல் அன்று அவள் வாயில் இருந்ததாகவே அவளுக்கு நினைவில்லை.

அதுதான் வயிற்றெரிச்சல். அதுவும் கதையில் மட்டும் இருக்கிற ஒருத்தி மேல்.

அவள் கிளம்பும் காட்சிக்கான கவுனுக்கு முன்பக்கம் கொக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஊசியக்கா முதுகுப் பக்கம் வைத்தாள், நெருக்கமாக, கழுத்திலிருந்து இடுப்புவரை. போகட்டுமே, எப்படிப் போகிறாள் பார்ப்போம்.

படப்பிடிப்பில் அந்தப் பெண் கையை முறுக்கி முறுக்கிப் பார்த்தாள். இரண்டு கொக்கிக்கு மேல் எட்டவில்லை. இயக்குநர் கத்தினார். மாடியிலிருந்து ஊசியக்காவைக் கூப்பிட்டார்கள்.

"முன்னாடின்னு சொன்னேனேம்மா!"

"மாறிப்போச்சுங்க."

பெண் மட்டும் சிரித்தாள். "பரவால்லக்கா. ஆனா அந்தக் காலத்துல தனியா இருந்தவ இதை எப்படிக்கா மாட்டியிருப்பா?"

"தனியா யாரு இருக்க விட்டா?"

வாய் தவறி வந்துவிட்டது. பெண்ணின் சிரிப்பு நின்றது. ஊசியக்கா அவளை மறைப்புக்குப் பின்னால் திரும்பி நிற்கச் சொல்லி, கவுனை உருவிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். எல்லோரும் காத்திருக்க, ஒவ்வொரு கொக்கியாகப் பிரித்து முன்னால் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். பொறாமை ஒரு பொட்டும் குறையவில்லை. தையல் மட்டும் சுத்தமாக விழுந்தது.

அந்தப் பகுதி ஒளிபரப்பான அன்று வீட்டில் மகளும் இருந்தாள்.

"நீ தெச்சதாம்மா? நல்லா இருக்கு."

"நல்லா இருந்து என்ன? மகராசி, எவ்வளவு சுளுவா மாட்டுறா பாரு."

"அடியே, ஒரு வாய் காப்பி குடு," என்றார் கணவர்.

கட்டிய நாளிலிருந்து அந்தக் குரலுக்கு எதையும் பாதியில் விட்டு எழுந்தவள். இன்று கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"இருங்க. அவ வாசலைத் தாண்டட்டும்."